நாலு பவுண்டு, பத்து அவுன்ஸ்

தனப்பிரியாவின் சித்திக்கு அமெரிக்காவில் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டதால் பாப்பா ரொம்பச் சின்னது. மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து பவுண்டு எடை வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே விடிகிற நேரத்தில், கதிர் சித்தப்பா அம்மாவின் போனுக்குப் பாப்பாவின் எடையைப் பேசி அனுப்புவார். அனுப்பிவிட்டுப் பாப்பா இருக்கும் அறைக்குள் போய்விடுவார். அங்கே போனைக் கொண்டுபோகக் கூடாது.

செய்தியைக் கேட்டதும் அம்மா சமையலறைக் காலண்டரில், அந்தத் தேதிக்கான கட்டத்தில் எடையை எழுதி வைப்பாள்.

முதல் நாள் ‘4 பவுண்டு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அப்பா மிரண்டுபோனார். அப்பா கருப்பண்ணன், நாமக்கல்லில் வீட்டு முன்னறையிலேயே கோழித் தீவனக் கடை வைத்திருப்பவர்.

“ஏன் சௌந்திரம், கொழந்தைக்கு இப்பவே நாலு பவுன் போடோணுமா?”

“பவுன் இல்லீங்க, பவுண்டு. அது அங்கத்த எடை.”

அப்பா பெருமூச்சு விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை அம்மா 4.9 என்று எழுதினாள். புதன்கிழமை 4.10 என்று எழுதினாள். எழுதிய பேனா அப்படியே நின்றது.

“பிரியா, இங்க வா சாமி. நாலு புள்ளி ஒம்போது பெருசா, நாலு புள்ளி பத்து பெருசா?”

பிரியாவுக்கு வகுப்பில் தசம எண் பாடம் போன வாரம்தான் முடிந்திருந்தது. தேர்வில் முழு மதிப்பெண் வேறு. டக்கென்று பதில் வந்தது.

“நாலு புள்ளி ஒம்போதுதானுங்கம்மா பெருசு. நாலு புள்ளி பத்துன்னா நாலு புள்ளி ஒண்ணுதான். கடைசிச் சைபருக்கு மதிப்பே கெடையாது.”

சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப... எடை எறங்கிப்போச்சா?”

அம்மா சித்தப்பாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. சித்திக்குச் செய்தாள். அதுவும் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பிரியா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ற தங்கச்சிக்குப் பக்கத்துல ஒரு வாய் சுடுதண்ணி வெச்சுக் குடுக்க ஆளில்ல. இந்த விசா வந்திருந்தா நான் இந்நேரம் அங்க இருப்பேன். அந்தப் புள்ளைய ஒருக்கா மடியில வெச்சுப் பார்த்திருப்பேன்.”

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குதான் அம்மாவை அழ வைத்தது.

பிரியா அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். சித்தப்பாவின் குரலை மறுபடியும் கேட்டாள்.

“அக்கா, இன்னைக்கு நாலு பவுண்டு பத்து அவுன்ஸ்ங்க! உங்க மக என்னமா ஒதைக்கறா பாருங்க, நர்ஸ் கையையே தட்டி விடறா!”

சித்தப்பா சிரித்துக்கொண்டே பேசியிருந்தார். எடை இறங்கினால் யாராவது சிரிப்பார்களா?

இன்னொரு தடவை கேட்டாள். ‘பத்து அவுன்ஸ்’ என்கிறார். புள்ளி என்று அவர் சொல்லவே இல்லை. அந்தப் புள்ளியை வைத்தது அம்மாதான்.

பிரியா யோசித்தாள். ஐந்து மணி ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு ஐந்து மணி பத்து நிமிடம் வரும். அது குறைவு ஆகுமா? ஒரு மணிக்கு அறுபது நிமிடம் மாதிரி, ஒரு பவுண்டுக்கு இத்தனை அவுன்ஸ் என்று ஏதோ இருக்க வேண்டும். எத்தனை?

சமையலறை அலமாரியில் தேடினாள். சித்தி போன தடவை வந்தபோது கொண்டுவந்த பாதாம் டப்பாவில் இப்போது வெந்தயம் இருந்தது. அதன் பக்கவாட்டில் எடை போட்டிருந்தது. பதினாறு அவுன்ஸ், அதாவது ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம்.

பதினாறு! அப்படியென்றால் ஒன்பதுக்குப் பிறகு பத்து, பதினொன்று என்று பதினைந்து வரை போகும். அதற்கு அடுத்தது ஐந்து பவுண்டு.

454ஐப் பதினாறால் வகுத்தாள். ஒரு அவுன்ஸ், இருபத்தெட்டு கிராமும் கொஞ்சமும். நோட்டில் பெருக்கினாள், கூட்டினாள், சரிபார்த்தாள். பிறகு அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

“அப்பா, தராசு கொஞ்சம் வேணுங்க.”

“எதை எடை போடப் போற சாமி?”

“பாப்பாவைங்க.”

அப்பா தீவனப் பொட்டலத்தைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

பிரியா இரண்டு கிலோ எழுபது கிராம் அரிசியை ஒரு பையில் கட்டி, பழைய பருத்தித் துண்டில் சுற்றினாள். இருபத்தெட்டு கிராம் அரிசியைத் தனியாக ஒரு டம்ளரில் எடுத்துக்கொண்டாள். இரண்டையும் உள்ளே கொண்டுபோனாள். துண்டு மூட்டையை அம்மாவின் மடியில் வைத்தாள்.

“என்ன கண்ணு இது?”

“இது நேத்தைய பாப்பாங்கம்மா. நாலு பவுண்டு ஒம்போது அவுன்ஸ்.” டம்ளர் அரிசியை அம்மாவின் உள்ளங்கையில் கொட்டினாள். “இது இன்னைக்குக் கூடினது. ஒரு அவுன்ஸ். எடை எறங்கவே இல்லீங்கம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸாம், டப்பாவுல போட்டிருக்குது.”

அம்மா கையில் இருந்த ஒரு பிடி அரிசியையே பார்த்தாள். பிறகு அதைப் பைக்குள் போட்டு முடிந்து, துண்டை மறுபடி இறுக்கிச் சுற்றினாள். மூட்டையை மெல்லத் தூக்கி மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“இத்தனை கனமா இருக்கறாளா?” என்று கேட்டாள். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, ஆனால் சிரித்தாள்.

ஏழரை மணிக்குச் சித்தியே வீடியோவில் வந்தாள். “அக்கா, பாப்பா ஒரு அவுன்ஸ் கூடியிருக்கா! அவரு சொன்னாருங்களா?”

“தெரியும் கண்ணு. என்ற மடியிலதான் வெச்சிருக்கறேன்.”

சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. பிரியா போனைத் திருப்பி மூட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தலைப்பக்கம் கொஞ்சம் ஒசத்திப் புடிங்கக்கா” என்றாள். அம்மா அப்படியே பிடித்தாள்.

கடையை மூடிவிட்டு வந்த அப்பா அரிசி டப்பாவை எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

“சௌந்திரம், அப்ப ராத்திரிக்குச் சோறு?”

“தோசை ஊத்திக்கலாமுங்க,” என்றாள் அம்மா, மூட்டையைக் கீழே வைக்காமலே.