நடுவீதியில் அறுந்த மோப்பம்

"முந்தநாள் விடிய வெளிக்கிட்ட என்ரை மனிசன், வேறொருத்தியோடை வள்ளமேறி இந்தியாவுக்குப் போட்டாரெண்டு ஊர் கதைக்குது, ஐயா. உங்கடை நாய் உண்மையைச் சொல்லுமே?"

யுத்த நாட்களில், 1991 தொடக்கத்தில் ஒரு காலை, சுருவில் என்ற தீவுக் கிராமத்தில் பரராசசிங்கத்தின் வாசற்படலையில் நின்று ஜசிந்தா கேட்டாள். அவர் இருபத்திரண்டு வருடம் பொலிஸில் மோப்ப நாய்களைப் பழக்கியவர். ஓய்வு பெற்றபோது கிழட்டு டயனாவையும் தன்னோடு கூட்டிவந்தவர். ஜசிந்தா நீட்டிய கணவனின் சட்டையை டயனா முகர்ந்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டது.

"சட்டையைத் தோய்ச்சனீரோ?"

"ஓம் ஐயா. பெரிய ஆளிட்டை அழுக்குச் சட்டையோடை எப்பிடி வாறது?"

மரியாதை மணத்தைக் கழுவிவிட்டது. யாரை நோவது?

"அவர் படுத்த தலையணை இருக்கோ? ஆரும் தொடக்கூடாது. நாங்கள் வாறம்."

அயல்வீட்டு பஸ் சாரதி இராசநாயகமும் தொற்றிக்கொண்டார். துப்பறிவது என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

ஜசிந்தா வீட்டில் தலையணையை முகர்ந்ததும் டயனா கயிற்றை இழுத்தது. இடப்பக்கம் கடல்; அது திரும்பியும் பார்க்கவில்லை. வலப்பக்கம் தார் வீதிக்கு ஓடி, நடுவீதியில் சுற்றிச் சுற்றி முனகியது.

"கிழவிக்கு மூக்குப் போட்டுது, அண்ணை," என்றார் இராசநாயகம்.

"மூக்குப் போகேல்லை. காலடி முடிஞ்சிட்டுது. இதிலை வைச்சு ஆளை வாகனத்திலை ஏத்தியிருக்கினம். தாரிலை கிடக்கிற அந்த எண்ணெய்க் கறையைக் குனிஞ்சு மணந்து பாரும்."

"டீசல்!" என்று இராசநாயகம் துள்ளினார்.

"உம்மடை பஸ் எதிலை ஓடுது?"

"அரசாங்கம் டீசலைத் தடுத்த நாளிலையிருந்து மண்ணெண்ணெயிலை. இந்தத் தீவிலை டீசல் இருக்கிறது ஆரிட்டையெண்டால்..." அவர் வீதியின் இரு பக்கமும் பார்த்தார். டீசல் வைத்திருந்தவர்களே துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்பது யார்?

பழைய காலமாயிருந்தால் பரராசசிங்கம் சந்தேகத்துக்குரியவர்களை வரிசையாக நிறுத்தியிருப்பார். இப்போது அவர் முன்னால் நின்றவள் ஜசிந்தா மட்டுந்தான்.

"அவர் கடலுக்குப் போகேல்லை, பிள்ளை. உம்மை விட்டிட்டும் போகேல்லை. கொண்டுபோயிருக்கினம். அதுக்கு மேலை என்னாலை ஏலாது."

அவள் அழவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாயிருந்தது.

தேடி ஒன்றும் கிடைக்காத நாய் மறுமுறை மனம்வைத்துத் தேடாது. ஆகவே பரராசசிங்கம் ஜசிந்தாவின் வீட்டுக்குத் திரும்பி, தலையணை உறையைக் கழற்றி முற்றத்தில் ஒரு பனை வடலிக்குப் பின்னால் ஒளித்துவைத்து டயனாவை ஏவினார். அது கண்டுபிடித்துக் குரைத்து வாலை ஆட்டியது. "கெட்டிக்காரி," என்று தடவிக்கொடுத்தார்.

ஜசிந்தா உறையை எடுத்து மடித்தாள்.

"இதைத் தோய்க்கமாட்டன், ஐயா. எப்பவாவது ஆராவது திரும்பத் தேட வருவினமெல்லே."