ஏழாவது படுக்கை

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்த அறையில் ஜன்னல் இல்லை. பட்டப்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. கதவைத் திறந்ததும் மருந்து நெடி. அதற்கடியில், நாள்பட்ட நோயாளியின் வாய் நாற்றம் போல ஒன்று. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

மேலே குழந்தைகள் வார்டில் ஆறு படுக்கை, ஆறு மூச்சு மிஷின். ஆறாவதில் கிடந்தது, அவள் குருவி என்று கூப்பிடும் ஐந்து வயது மகள். மற்ற ஐந்தும் ஒழுங்காக ஓட, குருவியின் மிஷின் மட்டும் மணிக்கொரு தடவை நின்று நின்று ஓடியது. காலையில் பதினொரு வினாடி நின்றது, மதியம் முப்பதாகிவிட்டது. மாற்று மிஷின் நாளைக்குத்தான் வரும். மிஷின்களை இயக்கும் புரோகிராமை எழுதிய இன்ஜினியரோ உயிரோடு இல்லை.

"நீங்களும் இதே வேலைதானேம்மா பண்றீங்க, கொஞ்சம் பாருங்க," என்று டாக்டர் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். ஆபத்துக்குப் பாவமில்லை.

புரோகிராமைத் திறந்தால், அதைப் படிக்கும் எடிட்டர் முழுக்கப் பிழை என்று சிவப்புக் கோடு. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல விழித்தது. இருபதாயிரம் வரியை இப்படி வாசிக்க ஒரு வாரம் ஆகும். குருவிக்கு வாரம் ஏது? ஆனால் எழுதியதையெல்லாம் சேர்த்து மிஷினுக்குப் புரியும்படி கட்டித்தரும் பில்ட் கருவிக்குத் தெரியும். அதனிடம் கோப்புப் பட்டியலை வாங்கி எடிட்டரிடம் கொடுத்தாள். சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன.

ஒன்று மட்டும் நின்றது.

படுக்கைகளை எண்ணும் இடம் அது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. புரோகிராமில் பிழை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஏழாவது எங்கிருந்து வருகிறது என்று சொடுக்கிப் பார்த்தாள். எடிட்டர் ஒரு கோப்பைத் திறந்தது. கம்ப்யூட்டரில் மூன்று முறை தேடினாள். அப்படியொரு கோப்பே இல்லை. பட்டியலில் மட்டும் இருந்தது. அதில் ஒரே ஒரு வரி: மணிக்கொரு முறை, ஆறாவது படுக்கையின் மூச்சை ஏழாவதற்குத் திருப்பு.

வார்டுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ஏழாவது படுக்கைன்னு ஒண்ணு இருந்துச்சா?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "மிஷினுக்குப் புரோகிராம் எழுதின இன்ஜினியர் கடைசியா இருந்தது அதுலதான் மேடம். அப்போ வேற எங்கயும் இடமில்ல. மிஷினை எடுத்துடாதீங்கன்னு எழுதிக் காட்டிக் கெஞ்சினாரு..." பின்னால் மிஷின் அலறியது. "ஐயோ, நின்னுடுச்சு! கையால அமுக்குறேன், காத்து உள்ள போகவே மாட்டேங்குது!"

அறையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நிதானமாக. ஆசையாக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வரியை அழித்தாள். அது மறுபடி வந்து நின்றது. எடிட்டர் பிழை சொல்லும் இடத்தில் எழுத்துகள் வந்தன.

இதை அழித்தால் நான் எதில் மூச்சு விடுவேன்?

"எம் பொண்ணுய்யா," என்று அழுதாள். "அஞ்சு வயசுதான் ஆகுது. விட்டுடுங்க, உங்க கால்ல விழறேன்."

இழுக்கும் சத்தம் நிற்கவில்லை.

நாற்பது வினாடி. ஐம்பது.

பட்டியலிலிருந்து அந்தக் கோப்பின் பெயரை நீக்கினாள். ஏற்கனவே கட்டி வைத்ததையெல்லாம் துடைத்தாள். புதிதாகக் கட்டி மிஷினுக்கு அனுப்பினாள்.

சத்தம் அறுந்தது. போனில் நர்ஸ் அழுதுகொண்டே சிரித்தாள். "ஓடுது மேடம்! நெஞ்சு ஏறி இறங்குது!"

திரையில் கடைசியாக ஒரு வரி வந்து, அவள் படித்து முடிக்கும்போதே மறைந்தது.

சரி. வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

பத்தாம் நாள் குருவி வீடு வந்தாள். மிஷின் இல்லை, குழாய் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அம்மா மடியில் தூங்கிப்போனாள். அம்மா அந்தக் குட்டி நெஞ்சில் கை வைத்து, அது ஏறி இறங்குவதை ஆசை தீர உணர்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

கைக்கு அடியில் நெஞ்சு நின்றது.

மகள்மேல் குனிந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

பதினொன்று வரைக்கும், அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.