பின் சீட்டு

வீட்டு வாசலில் காரை நிறுத்திய அப்பா இறங்கி, சுற்றிப் போய், பின்கதவைத் திறந்து, யார் தலையும் இடித்துவிடக் கூடாது என்பதுபோல் கதவின் மேல்விளிம்பில் கையைக் குடையாகப் பிடித்தபடி முதுகை வளைத்து நின்றார். உள்ளே யாரும் இல்லை.

ஆயுசு முழுக்க ஊரான் காரை ஓட்டியவர், பழக்கதோஷம் என்று மகள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. இனி எவனுக்கும் அவர் கதவு திறக்கக் கூடாது என்றுதானே, அந்த வீட்டில் முதல் ஆளாகப் படித்து, வேலைக்குப் போய், இந்தப் பழைய காரை வாங்கினாள்.

"யாருக்குப்பா கதவு?"

"மெதுவா பேசு. ஐயாவுக்குச் சத்தம் ஆகாது."

"எந்த ஐயா?"

"வண்டிக்குச் சொந்தக்காரரு."

"வண்டி நம்மளுதுப்பா!"

குழந்தை உளறலுக்குச் சிரிப்பதுபோல் சிரித்தார்.

அப்புறம் அவர் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. தட்டில் கை வைத்தால் வாசலில், பூட்டிய காருக்குள்ளிருந்து, ஹார்ன் ஒருமுறை சுருக்கென்று அடிக்கும். எச்சில் கையோடு ஓடுவார். ஒரு நாள் அவளும் பின்னால் ஓடினாள். கதவைத் திறந்ததும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் ஆறிப்போன புகையிலையும் கலந்த வாடை முகத்தில் மோதியது. சீட்டில் ஒரு பள்ளம். தட்டிச் சமன் செய்தாள். உள்ளங்கையில் சூடு. எடுத்த கைக்குக் கீழேயே பள்ளம் மறுபடி மெல்ல இறங்கியது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தானே ஓட்டிப் போனாள். பின் சீட்டு தெரியாதபடி, உள்கண்ணாடியைக் கூரை பார்க்க நிமிர்த்தி வைத்திருந்தாள். பிடரியில் மட்டும் மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது.

"வித்த வண்டியத் திருப்ப முடியாதும்மா" என்றார் கார் விற்றவர். "என்ன, செருப்பா, அளவு பத்தலன்னு மாத்திக்க? எஞ்சின்ல கோளாறுன்னா சொல்லுங்க."

"கோளாறு பின் சீட்டுல."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"தெரிஞ்சுதான் தலையில கட்டினீங்களா?"

"உங்கப்பா டிரைவர்னு சொன்னீங்களேம்மா. அதான் கொடுத்தேன். ஐயாவுக்குப் பழகின கை வேணும்."

"எங்கப்பா இனி வரமாட்டாரு. இந்தாங்க சாவி." மேசையில் விட்டெறிந்தாள். "காரும் வேணாம், உங்க ஐயாவும் வேணாம்."

அவர் சாவியைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, வெளியே பார்த்தார். எழுந்தார். கைகட்டினார்.

"இந்தப் பொண்ணுதானுங்களா, ஐயா?" என்றார் பணிவாக. அவளிடம் இல்லை.

ஹார்ன் அடித்தது.

போகக் கூடாது என்று நினைத்தாள். நினைத்தபோது காருக்குப் பக்கத்தில் இருந்தாள். கை கதவைத் திறந்திருந்தது. யார் திறந்தது? எண்ணெய் வாடை. முதுகு வளைந்தது. நிமிர்த்தினாள். நிமிரவில்லை. வலது கை தானாக எழுந்து மேல்விளிம்பில் குடையாகப் படிந்தது. அப்பாவின் கைபோலவே.

உள்ளே சீட்டின் பள்ளம் மெல்ல மேலே வந்தது.

அவள் உள்ளங்கையை உரசிக்கொண்டு, ஈரமாக, படிய வாரிய தலை ஒன்று வெளியே வந்தது.