பந்து தைத்த பனியன்

மத்தியானம் மூன்று மணிக்கு முனியாண்டியின் குறட்டை நின்றது. தேவமலர் தன் புருஷனை உலுக்கவில்லை.

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் இராக்காவல் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற மனுஷனுக்காக ஜன்னலில் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்ததால், அந்த அறையில் எப்போதும் ஒரு பொய் இருட்டு. தகரக் கூரையின் வெக்கையும் தைல வாசனையும் வியர்வையில் ஊறிய தலையணையின் புளித்த நெடியும் வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றி வந்தன. எஸ்டேட்டில் இருந்த காலத்தில், அந்தக் குறட்டையை உழைப்பாளியின் தூக்கம் என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் மெச்சின. அவளும்தான் மெச்சினாள். பாழாய்ப்போன பெருமை.

போன மாதம் டாக்டர் கனகரட்ணம்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது. நிற்கும்போதெல்லாம் இதயம் திணறுகிறது. திணறித் திணறி வீங்கியே விட்டது. மல்லாந்து படுக்காமலிருக்கப் பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைக்கச் சொன்னார். அப்படியும் மூச்சு நின்றால் உலுக்கி எழுப்ப வேண்டும். ஒரு மாதமாக அவள் கண்கொட்டாமல் காவல் இருந்தாள்.

இன்று காலை மறுபடி போனபோது டாக்டர் கேட்டார்.

“வண்டி ஓட்டுறப்ப தூங்கியிருக்கீங்களா? மறைக்காம சொல்லுங்க.”

சாவு பயம் முனியாண்டியின் வாயைத் திறந்தது. “ஒரே தடவ டாக்டர். கண்ணு அசந்துருச்சிலா. மவன் பக்கத்துல இருந்தான்.”

மூன்று வருடமாக அவர் சொன்னது வேறு. லைசென்ஸ் இல்லாத மகன் கவிநேசன் அடம்பிடித்து வேனை ஓட்டி, மரம் ஏற்றி வந்த லோரியில் மோதினான் என்று போலீசில் சொன்னார், கோயிலிலும் சொன்னார். செத்த பிள்ளை மேல் பழி. பெற்றவளே அதை நம்பி, அவன் படத்தின் முன் நின்று அவனைத் திட்டியிருக்கிறாள்.

“பந்து வச்ச பனியன் எங்க?” என்றார், வீட்டுக்கு வந்ததும்.

“ஈரமா இருக்கு. வேற போட்டுக்குங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்.”

இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு.

மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. உதடு கறுத்தது. கால் ஒருமுறை உதைத்தது.

போ, என்றாள் மனசுக்குள். எம் புள்ளகிட்ட போயி சொல்லு.

வெகுநேரம் கழித்து நெஞ்சில் காது வைத்தாள். துடிப்பு இல்லை. தோல் சில்லிட்டிருந்தது. திருப்தியாக எழுந்தாள்.

குறட்டை கேட்டது.

மறுபடி நெஞ்சைத் தொட்டாள். துடிப்பு இல்லை. மூக்கில் விரல் வைத்தாள். காற்று இல்லை. குறட்டை மட்டும் ஏறி இறங்கியது.

அவர் கைகள் மெல்ல எழுந்தன. அந்தரத்தில் எதையோ வளைத்துப் பிடித்தன. ஸ்டியரிங்.

டீசல் வாடை. ஈர மரத்தின் வாடை. கட்டில் அதிர்ந்தது. அவள் எப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்? எழ முடியவில்லை. எதிர்ச் சுவரில் இரண்டு மஞ்சள் விளக்குகள். பெரிதாகின்றன. இன்னும் பெரிதாக.

“என்னங்க! எழுந்திருங்க!” தோளைப் பிடித்து உலுக்கினாள். “முழிச்சிக்குங்க! ஐயோ, முழிச்சிக்குங்க!”

முனியாண்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.