உயிர்ச்சேதித் தொட்டி

சிவமலையின் ரத்தத்துக்கு இனி உயிர்ச்சேதி தேவையில்லை என்று சோதனை முடிவு வந்ததும், மனைவி நவமணியே தன் கையால் அது ஏறிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றினாள். அந்த வாரமே அவன் போய்ச் சேர்ந்தான்.

உடம்பில் எந்த உயிரணுவும் தனியாக வாழ்வதில்லை. 'செத்துவிடாதே' என்று பக்கத்து அணு ஓயாமல் ஒரு மூலக்கூறை அனுப்ப வேண்டும். சேதி நின்றால் அணு தன் கதையைத் தானே முடித்துக்கொள்ளும். நவமணியின் ஆய்வகத்தில் அந்தச் சேதியை நொதிகள் தொட்டி தொட்டியாகச் செய்து தள்ளின. முதலில் ஆராய்ச்சித் தட்டுகளுக்கு, பிறகு நோயாளிகளுக்கு. வெளியிலிருந்து சேதி கிடைத்தால் உடம்பு தன் சேதியை மறந்துவிடுமோ என்ற பயம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

அதற்குத்தான் சோதனை. நோயாளியின் அணுக்களையும் நல்ல ஆளின் அணுக்களையும் சேதியில்லாமல் விட்டு, எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். நல்ல ஆளுக்கு எங்கே போவது? வேலை செய்கிறவர்களே சட்டைக் கையை மடித்து ரத்தம் கொடுப்பது அங்கே வழக்கம். சிவமலையின் ரத்தத்தோடு நவமணி தன் ரத்தத்தை வைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் மடிந்தன. புருஷன் தன்னைப் போலத் தேறிவிட்டான் என்று பூரித்துப் போனாள், பாவி.

துக்க வீட்டில் அவள் நாளுக்கு நாள் வெளுத்தாள். "அழுதழுதே இப்படி ஆயிட்டா" என்றார்கள் உறவுக்காரர்கள். அப்போதுதான் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த எஸ்தர் போன் செய்தாள்.

"அக்கா, இங்க எல்லார்த்து ரத்தத்தோட என்னுதையும் வெச்சனுங்க. அவங்குளுது எல்லாம் செத்துப்போச்சு, என்னுது மட்டும் அப்படியே இருக்குதுங்க. ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

நவமணிக்குச் சட்டென்று புரிந்தது. வருஷக்கணக்காகத் தொட்டியின் ஆவியோடு சேதியையும் மூச்சில் இழுத்தவர்களில் நல்ல ஆள் ஏது? நோயாளியை நோயாளியோடு ஒப்பிட்டுத்தான் குழாயைக் கழற்றியிருக்கிறாள். வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து அவள் ரத்தமும் சேதியின்றி மடிந்துகொண்டிருக்கிறது.

"நீ ஒரு தப்பும் பண்ணல சாமி. அங்க நிக்காத, உடனே வெளிய போயிரு."

"மத்தவங்கெல்லாம் உங்கூட்டுக்குத் துக்கத்துக்குக் கெளம்பிட்டாங்க. நானும் போயிட்டா தொட்டிய ஆருங்க பாக்கறது? சூடு தப்புனா நொதி பூராவும் கெட்டுப்போயிருமுங்க."

கெட்டால் புது நொதி தயாராக மாதக்கணக்காகும். அதுவரை தன் ரத்தம் தாங்காது. வார்டில் படுத்திருக்கும் நோயாளிகளை நினைத்தாள் என்று சொன்னால் பொய், தன்னைத்தான் நினைத்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நான் வர்ற வரைக்கும் மட்டும் பாத்துக்க, சாமி" என்றாள்.