புது ரூமுக்கு ஒரு லைன்

காலைக் காபி பாதி தம்ளரில் இருக்கும்போதே கரண்ட் போனது. கூடத்தில் நடந்துகொண்டிருந்த சண்டை மட்டும் போகவில்லை.

“பாத்துக்கோங்க! இதுக்குத்தான் சொல்றேன், இன்னிக்கே முடிவு பண்ணிடணும்னு!” என்று வீட்டின் இளைய மகன் செல்போனைத் தூக்கிக் காட்டினான். எதற்கெடுத்தாலும் அட்டவணை போடுகிறவன் என்பதால் வீட்டில் அவனுக்கு எக்செல் என்றே பெயர். காய்கறி வாங்கப் போனால்கூட மூன்று கடையில் விலை விசாரித்து, கட்டம் போட்டுப் பார்த்து, கடைசியில் வாடியதை வாங்கி வருகிற ஆள். இப்போது மொட்டைமாடியில் சோலார் தகடு போடவும் பேட்டரி வைக்கவும் மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டி வைத்திருந்தான். விலை கூடிய மூன்றாவது கம்பெனி சிவப்பில் இருந்தது.

அந்தச் சிவப்புதான் வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருத்தி மட்டும் சொன்னாள். மூத்த மருமகள். எல்லோருக்கும் அவள் பெரியவள்.

பின் அறையிலிருந்து மெஷின் விடாமல் கத்த ஆரம்பித்தது. பெரியவள் எழுந்து போனாள். மாமியாரின் நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருஷமாகிறது. ஆக்ஸிஜன் மெஷின் கரண்டில் ஓடும். கரண்ட் போனால், மூக்குக் குழாயின் மறுமுனையை மெஷினிலிருந்து கழற்றி, பக்கத்தில் நிற்கும் சிலிண்டரில் சொருகி, சாவியால் வால்வைத் திறந்து, அளவை இரண்டில் வைக்க வேண்டும். கரண்ட் வந்ததும் மறுபடி மாற்ற வேண்டும். வீட்டிலிருந்த பழைய இன்வெர்ட்டர் இந்த மெஷினை இழுக்க மாட்டாமல் படுத்துவிட்டது. அன்றிலிருந்து பெரியவள்தான் இன்வெர்ட்டர்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது யாரும் அவள் போனதையே கவனித்திருக்கவில்லை.

“பச்சையில இருக்கற ரெண்டாவது கம்பெனிதான் பெஸ்ட்” என்றான் எக்செல். “அதே தகடு, அதே வாரண்டி. மூணாவதுக்காரன் மட்டும் எதுக்கு இவ்வளவு அதிகமா கேக்கறான்?”

“அத்தை ரூமுக்குக் கரண்ட் வருமா தம்பி?” என்றாள் பெரியவள்.

“அய்யோ அண்ணி! எத்தனை தடவை சொல்றது? ரெண்டு கம்பெனிக்கும் நானே போன் பண்ணி, ‘மாடி ஏசி வேண்டாம், ஆனா புது ரூமுக்குக் கண்டிப்பா பேக்கப் வேணும்’னு தெளிவா சொல்லியிருக்கேன்.”

மாமியார் படுத்திருக்கும் அந்தப் பின் அறைக்கு வீட்டில் புது ரூம் என்று பெயர். பெரியவள் கல்யாணமாகி வந்தபோது அவளுக்காகக் கட்டியது. அவள் பெற்ற மகளுக்கே கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. ஆனாலும் அது புது ரூம்தான். பின்னால் மாடியில் எக்செல்லுக்குப் பளபளவென்று ஓர் அறை கட்டினார்கள். அதற்குப் பெயர் வெறும் மாடி.

“சொன்னீங்க தம்பி. ஆனா வந்தவங்க மொட்டைமாடிக்குப் போய் அளந்தாங்க, மீட்டரை போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. அத்தை ரூம் பக்கம் ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலையே... மூணாவது கம்பெனிக்காரர்தான் உள்ள வந்து மெஷினைப் பாத்தார்.”

“உங்க தம்பி மட்டும் எட்டிப் பாத்தாராக்கும்!” என்று ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சின்னவள் நடுவில் புகுந்தாள். எக்செல்லின் மனைவி. “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. மூணாவது கம்பெனியில வேலை பாக்கறது உங்க சித்தப்பா பையன். அவருக்கு ஆர்டர் பிடிச்சுக் குடுத்தா கமிஷன் உண்டு. ஊர் உலகத்துல நடக்கறதுதானே... அதை வெளிப்படையா சொல்லிட்டா எங்களுக்கும் சங்கடமில்ல!”

பெரியவள் தன் கணவரைப் பார்த்தாள். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். கிடங்கில் ஒரு ஆணி குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிற மனிதர், வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். இன்றைக்குத் திறந்தார்.

“உனக்கு... ஏதாவது கெடைக்குதாம்மா?”

கோபம் வரும் என்று பெரியவள் காத்திருந்தாள். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. பல் பிடுங்குமுன் போடும் ஊசி மாதிரி ஏதோ ஒன்று உதட்டிலிருந்து நெஞ்சுவரை இறங்கி, எல்லாவற்றையும் மரத்துப்போகச் செய்துவிட்டது. கிடைக்கும் என்று அவள் நினைத்தது ஒன்று உண்டு. அதை எந்த வாயால் சொல்வது? உடம்பு முடியாத மாமியாரை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறாள் என்றல்லவா ஆகிவிடும்?

“எனக்கென்ன கெடைக்கப் போகுது? நீங்க எல்லாரும் சொல்றதே சரி. ரெண்டாவதையே போட்டுடுங்க” என்று தம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். பேரன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனது சம்பந்தியம்மாள்தான். பெரியவள் செல்போனில் பார்த்ததோடு சரி. கடைத்தெருவுக்குப் போனாலே கரண்ட் போய்விடுமோ என்று பாதியில் ஓடி வருகிறவள், எங்கே பஸ் ஏறுவது?

“அம்மா, இவன் நாற்காலியைப் பிடிச்சுட்டு நிக்கறாம்மா! நடக்கறதுக்கு முன்னாடியாவது வந்துடேன்...”

“வரேன். பேட்டரி மாட்டட்டும்.”

“பாட்டியோட பேட்டரி வந்தாத்தான் என் பிள்ளைக்குப் பாட்டி வருமா? யாருக்கு எது பேட்டரின்னே தெரியலம்மா!” மகள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்து போனை வைத்துவிட்டாள்.

பெரியவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

அடுத்த வாரம் இரண்டாவது கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மேஸ்திரி சின்ன வயசுக்காரர், கலகலப்பானவர். மெயினை அணைக்கப் போவதாகச் சொன்னதும், பெரியவள் போய்க் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு வந்தாள். வெளியே வந்தவள் படிக்கட்டுப் பக்கம் அண்ணாந்து பார்த்தாள். சுவரில் துளை போட்டு, வெள்ளைக் குழாய் பதித்து, வயர் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“தம்பி, லைன் மாடிக்கில்ல போகுது?”

“ஆமாக்கா. புது ரூமுக்கு.”

“புது ரூம் கீழ இருக்கு.”

மேஸ்திரி அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். சத்தம் கேட்டு எக்செல் வந்தான். “என்ன அண்ணி, வேலை செய்யறவங்ககிட்டயும் ஆரம்பிச்சுட்டீங்களா?”

“சார், ஆபீஸ்ல குடுத்தது இதுதான்” என்று மேஸ்திரி போனைப் பார்த்துப் படித்தார். “மாடி ஏசிக்கு வேண்டாம். புது ரூம் லைட், ஃபேனுக்கு பேக்கப். மாடியில இருக்கறதுதானே புது ரூம்? டைல்ஸ் எல்லாம் மின்னுது. ஏசியை விட்டுட்டு லைட்டு, ஃபேனுக்கு லைன் எடுத்தாச்சு.”

“இல்லைங்க... புது ரூம்னா...” எக்செல் கையை நீட்டினான். நீட்டிய கை பின் அறையைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த ஜன்னல் கம்பி, கறுத்துப்போன கதவு.

“இதா சார் புது ரூம்?” மேஸ்திரிக்கு வாய் மூடவில்லை. “இந்த வீட்லயே வயசான ரூம் இதுதானே சார்!”

வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரில் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. பெயரைச் சொன்னான், உலகத்துக்கே புரிந்துவிட்டது என்று இருந்துவிட்டான். நிறம் தீட்டியவன், புது ரூம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் காட்டவில்லை.

மேஸ்திரி உள்ளே வந்து மெஷினைப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. “இது நாள் பூரா ஓடறதா? சார், நாங்க குடுத்த பேட்டரி ஒரு ரூமுக்கு லைட்டு, ஃபேன் கணக்கு. இதை மாட்டினா சீக்கிரமே கவுந்துடும். கரண்ட் மணிக்கணக்கா போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

பெரிய பேட்டரி, தனி லைன், அதற்கேற்ற தகடு என்று மேஸ்திரி சொல்லச் சொல்ல எக்செல் போனில் சேர்த்துக்கொண்டே போனான். கூட்டிப் பார்த்தான். பச்சையின் விலை சிவப்பைத் தாண்டிப் போயிருந்தது.

“சாரி அண்ணி...” என்றான்.

கணவர் கதவோரம் நின்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பெரியவள் அவரைப் பார்த்துத்தான் பேசினாள். பால் கணக்குச் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல்.

“அன்னிக்குக் கேட்டீங்களே, உனக்கு ஏதாவது கெடைக்குதான்னு. கெடைக்கும்னுதான் நெனச்சேன். இந்த மெஷின் தானா ஓடுச்சுன்னா, ஒரு வாரம் பொண்ணு வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்னு. பேரனைத் தூக்கலாம்னு. அதுதான் என் கமிஷன். வேற ஒண்ணுமில்ல.”

“அய்யோ அக்கா...!” சின்னவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “என் நாக்கு அழுகிப் போகட்டும்! எப்படிப்பட்ட வார்த்தை சொல்லிட்டேன்... திட்டுங்கக்கா... ரெண்டு அறை அறைஞ்சிடுங்க... இப்படிச் சும்மா நிக்காதீங்க!”

பெரியவளின் தோள் நனைந்தது. அந்த ஈரம் தெரிந்தது; அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. மெயின் இன்னும் அணைந்துதான் இருக்கிறது, சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறதோ என்று மனம் அங்கே போய் நின்றது. அழுகிறவளின் முதுகைக் கடமைக்குத் தட்டிக் கொடுத்தாள்.

கட்டிலிலிருந்து மாமியார் கையைத் தூக்கினார். மூச்சுக்கு நடுவில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன.

“அவளை... அனுப்புங்கடா.”

“பேட்டரி மாட்டினதும் போகட்டும்மா, இன்னும் பத்து நாள்ல...” என்றார் கணவர்.

“ஏன்... பெத்தது ரெண்டும்... ஆம்பளைப் பிள்ளைங்கன்னு... ஊர்ல... பெருமையா சொன்னாங்களே... ரெண்டு பேருக்கும்... கை இல்லையா? ஒரு குழாயை... மாத்தத் தெரியாதா?” கிழவியின் கண்ணோரம் வழிந்தது. “எனக்கு மூச்சு விட... அவ மூச்சைப் பிடிச்சிட்டு... நிக்கறா. நாளைக்கே... அனுப்புங்க.”

அன்று மத்தியானம் கணவர் முதன்முறையாக அந்தச் சாவியைக் கையில் வாங்கினார். தலைகீழாகத் திருகினார். பிறகு சரியாகத் திருகியதும் ‘உஸ்’ஸென்று வந்த சத்தத்தில் இரண்டடி பின்வாங்கினார்.

“மெதுவாடா...” என்றார் அம்மா. “பேட்டரியைப் பாக்கறவரைக்குமாவது... இருக்க விடு.”

எக்செல் சிரித்து, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கணவர் சிரிக்கவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. “நீ தினமும்... தனியாவா இதைப் பண்ணிட்டிருந்தே? சோப்புக் கையோட, சாப்பாட்டுக் கையோட...?”

“அளவு ரெண்டுல நிக்கணும். இப்ப மூணுல இருக்கு பாருங்க” என்றாள் பெரியவள்.

மறுநாள் பஸ் நிலையத்தில் கணவர் அவள் பையை மேலே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னலோரம் நின்றார். பஸ் கிளம்பப் போகிற நேரத்தில், “நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

“ஆமா, கூடாது” என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள்மேல் ஒரு தரம் கை வைத்துவிட்டு, மெஷினைப் பார்க்க வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

மகள் வீட்டில் பேரன் அவளைக் கண்டதும் அலறினான். செல்போனில் சிரித்த முகம் வேறு, நேரில் வந்த முகம் வேறு போல. மாலைக்குள் ஒருவாறு பழகி மடியில் உட்கார்ந்தான். பெரியவள் அவன் தலையை முகர்ந்து பார்த்தாள். இதற்காகத்தான் இத்தனை நாள்... ஆனால் நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. எங்கே எல்லாமே செத்துப் போய்விட்டதோ என்று அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

குழந்தையைப் பாயில் போட்டுவிட்டு அவள் எழுந்து ஓடினாள். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, ஒரு கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போய், கையை நீட்டி நின்றாள். அங்கே துணி காயப்போடும் கொடி இருந்தது. ஒரு வாளி இருந்தது. மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அம்மா... என்னம்மா? இங்க யாரும் இல்லம்மா...”

“கரண்ட்...” என்றாள் பெரியவள். “கரண்ட் எப்ப வரும்?”

“தெரியலம்மா. வரும்போது வரும்.”

வரும்போது வரும். பெரியவள் மகளின் முகத்தையே பார்த்தாள். நீட்டிய கையை இறக்கினாள். பிறகு உதடு நடுங்கியது. வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவளுக்கு, எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் அழுகை வெடித்து வந்தது. மகள் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். என்னவோ ஏதோ என்று பேரன் தவழ்ந்து வந்து, பாட்டியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

கரண்ட் வர வெகுநேரம் ஆயிற்று. அது வந்தபோது பெரியவள் தூங்கிப்போயிருந்தாள்.