கம்பளி போர்த்திய பியானோ

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்கள். மனசு கனக்கிற கதைதான். ஆனாலும் உங்களைப் பாதியில் கைவிடமாட்டேன். கேரளம் என்று ராஜ்யத்துக்குப் பேர் விழுந்த மறு வருஷம், மட்டாஞ்சேரியில் அடைமழையோடு விடிந்த ஒரு கர்க்கடகக் காலை, நம் ஆடி மாசம்...

ராமபத்ரன் வீட்டு முன்கூடத்தில், பியானோவைச் சரிபார்க்க மேஸ்திரி வந்து நின்றார். ராமபத்ரனின் அப்பா காலமாகி ஒரு வருஷம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. திவசம் முடியும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது என்று, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பியானோவை மூடிவைத்திருந்தார்கள். திவசம் முடிந்த கையோடு தங்கை கங்காவுக்குப் பரீட்சை. தானே ஒரு பாட்டை அமைத்துப் பரீட்சகர் முன் வாசிக்கவேண்டும். தேறினால் மதராஸில் மேல்படிப்பு. பத்து நாள் உருப்போட்டால் போதாதா என்று அண்ணன் நினைத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்!

மேஸ்திரி மூடியைத் தூக்கினார். உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தார். பூஞ்சை நாற்றத்தோடு ஈரக் கம்பளி ஒன்று சரிந்து விழுந்தது.

"எந்தா சாரே இது! மழைக்காலத்தில் கம்பளியைத் திணிச்சு வெச்சா பின்னே கம்பி எப்படி இருக்கும்? எல்லாம் துரு. பாதி பொட்டி அறுந்துபோச்சு..."

ராமபத்ரனின் அம்மா அம்மிணியம்மாள் கம்பளியின் சிவப்புக் கரையைப் பார்த்தாள். "இது மீனாக்ஷியோட கம்பளியாக்கும்! கல்யாணத்துக்கு இவ அம்மா கொடுத்தது!"

ராமபத்ரனின் மனைவி மீனாக்ஷி அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்றுவிட்டாள்.

"நீயா வெச்சே?" என்றான் கணவன்.

"நான்தான்."

"எந்தினாக்கும்? எதுக்குன்னு பறையேன்!"

மீனாக்ஷி வந்து கம்பளியை எடுத்து மடித்தாள்.

"அவ எங்கே பறைவா?" என்று வெடித்தாள் அம்மிணியம்மாள். "எட்டு வருஷமா ஒரு கொழந்தைக்கு வழியில்லை. இந்தாத்துல இன்னொருத்தி நன்னாயிருந்தா பொறுக்கலை! அவர் ஆசையா துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்த சாமானாச்சே, பாவி! கொன்னுட்டியேடீ!"

மாடிப்படியில் நின்ற கங்கா ஏதோ சொல்ல ஓரடி இறங்கினாள். மீனாக்ஷி அவளைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னாள்: வேண்டாம்... வாயைத் திறக்காதே.

ஏன் வேண்டாம்? கேளுங்கள்.

அப்பா போன இரண்டாம் மாசம், கங்கா தன் மன்னி மீனாக்ஷியின் மடியில் விழுந்து அழுதாள். "விரல் மறந்துண்டே வரது மன்னி. ஒரு வருஷம் தொடாம இருந்தா எல்லாம் போச்சு. நான் செத்துடுவேன்!" பியானோ சொல்லிக்கொடுக்கும் மிஸ் வீட்டுப் பாடமும் நின்றுபோயிருந்தது. அம்மாவோ, "திவசத்துக்கு முன்னால இதுல விரல் பட்டா, பியானோவைத் தோணியேத்தி அனுப்பிடுவேன். பரீட்சையும் வேண்டாம், மதராஸும் வேண்டாம்" என்று செத்துப்போன புருஷன் பேரில் சத்தியம் செய்திருந்தாள்.

மீனாக்ஷிதான் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தாள். பியானோவுக்குள் கம்பிகளைத் தட்டும் சுத்திகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவில் அதைச் செருகியதும் பாட்டுச் செத்து, கட்டையில் தட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. அதுவும் மாடிக்குக் கேட்டுவிடக்கூடாதே! மத்தியானம் மாமியார் மாடியில் ஜபத்துக்கு உட்கார்ந்ததும், மீனாக்ஷி கூடத்துக்கு அடுத்த நடையில் உரலைப் போட்டு இடிக்க ஆரம்பித்தாள். அரிசி, மிளகாய், மல்லி... ஒன்றுமில்லாத நாளில் வெறும் உமி.

"எடீ, ஊருக்கெல்லாம் மாவு விக்கப் போறியோ?" என்று மாடியிலிருந்து குரல் வரும்.

"நனைச்ச அரிசிம்மா, வெச்சா புளிச்சுடும்!"

உள்ளங்கை கொப்பளித்து, சாதம் பிசைய முடியாமல் மோரைக் குடித்துவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. அந்தப் பக்கம் கங்கா மரத்தில் காதை வைத்துக்கொண்டு, மனசுக்குள் கேட்டதை விரலால் தேடித் தேடித் தன் பாட்டை அமைத்தாள். பெற்ற பிள்ளையின் அழுகுரலைக் கேட்காத தாய் மாதிரி, அந்தப் பாட்டை அவள் ஒரு தடவைகூடக் காதால் கேட்டதில்லை! கடல்காற்றின் ஈரத்தைக் கம்பளி குடிக்கும் என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"பாலக்காட்டுக்குப் போ," என்றான் ராமபத்ரன். "நான் கூப்பிடாம வராதே."

மீனாக்ஷி மாமியாரின் காலைத் தொடக் குனிந்தாள். கால் பின்னுக்கு நகர்ந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு போகிற போக்கில் கங்காவின் காதில் சொன்னாள்: "மிஸ் ஆத்துல பியானோ இருக்கு. திவசம் ஆனதும் அங்கே போய்ப் பழகு. இப்ப நீ பறைஞ்சா, நான் பட்டதெல்லாம் வெறுதேயாயிடும், கேட்டியா?"

மழை. படகுத்துறையில் எர்ணாகுளம் போகும் மோட்டார் போட்டு இன்னும் வரவில்லை. மீனாக்ஷி பெட்டிமேல் உட்கார்ந்து காயல் தண்ணீரையே பார்த்தாள். எட்டு வருஷம் கழித்து வாழாவெட்டியாகப் பிறந்த வீட்டுப் படியை எப்படி மிதிப்பது? அம்மா கேட்டால் என்ன சொல்வது? தண்ணீர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது... ஒரே ஒரு அடி. எழுந்தாள். விளிம்புக்குப் போனாள்.

"மீனாக்ஷி!"

திரும்பினாள். நம்பமுடியவில்லை! புருஷனை இழந்தவள் வருஷம் முடியாமல் வாசற்படி தாண்டலாகாது என்பது அந்தக் குடும்பத்தில் யாரும் மீறாத கட்டு. அந்த அம்மிணியம்மாள், குடைகூட இல்லாமல், சேற்றில் வெறுங்காலோடு, மிளகு மூட்டை சுமப்பவர்களை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் கங்கா. அதற்கும் பின்னால் தலைகுனிந்தபடி ராமபத்ரன்.

"அம்மா... நீங்க வெளியில வரப்படாதே! எல்லாரும் பார்க்கறா..."

"பார்க்கட்டும்டீ! நன்னாப் பார்க்கட்டும்!" மாமியார் மருமகளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீ படியிறங்கினதும் இந்தக் கங்கா, ஜன்னல் கதவெல்லாம் தொறந்துபோட்டு உட்கார்ந்து வாசிச்சா! தெருவே வந்து நின்னது. 'பியானோவைத் தோணியேத்திக்கோ, மன்னியை ஏத்தாதே'ன்னு அழுதுண்டே வாசிச்சா... எல்லாத்தையும் பறைஞ்சுட்டா. எதுக்கடீ மறைச்சே? நான் அத்தனை ராக்ஷஸியா?"

"உங்க சத்தியம்..."

"அவருக்கு நான் ஜவாப் பறைஞ்சுக்கறேன். நாளைக்கே இவ மிஸ் ஆத்துக்குப் போறா. துணைக்கு நீ போறே."

கங்கா மன்னியின் காலைக் கட்டிக்கொண்டு விம்மினாள். மீனாக்ஷி அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, மாமியார் முகத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அம்மா... அந்தப் பாட்டு எப்படி இருந்தது? நான் கேட்டதேயில்லையே..."

அம்மிணியம்மாள் மருமகளின் நனைந்த தலையைத் துடைத்துவிட்டாள். "எனக்கு என்னடீ தெரியும்? பாதிக் கம்பி பேசலை. பல்லுப்போனவ பாடறாப்பலதான் இருந்தது. நிறுத்தணும்னுதான் இறங்கி வந்தேன்... கால் நகரலை."

போட்டு வந்தது. ராமபத்ரன் பெட்டியைத் தூக்கினான். "கேறுன்னுண்டோ?" என்று, ஏறுகிறார்களா எனக் கேட்டுப் போட்டுக்காரன் கூவினான்.

"இல்லைப்பா," என்றாள் அம்மிணியம்மாள். "எங்காத்துக் குட்டி. ஆத்துக்குப் போறா."

பரீட்சையில் கங்கா முதலாவதாக ஒன்றும் வரவில்லை. தேறினாள்; மதராஸுக்கும் போனாள்.

கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், செல்லங்களா. உங்கள் வீட்டு மருமகளுக்கு உங்கள் வீட்டிலேயே சிரிப்பு நிலைக்கட்டும். பெண்பிள்ளைகளின் ஆசைக்கு மூடி போடாத கைகளாக உங்கள் கைகள் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு படியிறங்கியவர்களைப் போட்டு வருவதற்குள் கூப்பிட்டுவிடும் மனசை, பகவதி உங்கள் குடும்பத்துக்குத் தரட்டும். நன்னாயிருங்கோ!